பிளாக் எழுதிச் சம்பாதிக்க முடியுமா? வாசகர் கேள்வி - பதில்

சொந்தமாக பிளாக் (வலைப்பதிவு) தொடங்கி, அதிலிருந்து வருமானம் பார்ப்பது பற்றி சென்னை வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சமையல், கோலம், வண்ணமீன் வளர்ப்பு, ஆன்மிகம் என்று எனக்கு எழுத நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளாக்கில் எழுதலாமா? எதை வைத்துத் தொடங்குவது?
– வாசகி, கொளத்தூர்

நீங்கள் இருக்கும் ஊரே பதில் சொல்கிறது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன கொளத்தூரில் இருந்துகொண்டு கோலத்தில் தொடங்க வேண்டாம். சமையலிலும் ஆன்மிகத்திலும் பெரிய பத்திரிகைகளின் இணையதளங்களோடு மோத வேண்டியிருக்கும். வண்ணமீன் பற்றித் தமிழில் முழுமையாக எழுதுபவர்கள் குறைவு.

முதலில் ஒரு நோட்டில் 30 கேள்விகள் எழுதுங்கள். "மீன் வளர்ப்பது எப்படி" என்பது மாதிரி பொதுவாக வேண்டாம். புதிதாக மீன் வாங்கிய ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குப் பதற்றத்தோடு போனில் எதைத் தேடுவாரோ அதை எழுதுங்கள். "புதுத் தொட்டியில் விட்ட மீன் மூன்று நாளில் ஏன் செத்தது?", "மெட்ரோ வாட்டரை நேரடியாக ஊற்றலாமா?", "போர் தண்ணீரில் கண்ணாடி வெள்ளை படிகிறதே?" இப்படி 30 கேள்வி உங்களுக்குத் தடையில்லாமல் வந்தால் அந்தத் துறையில் பிளாக் நடத்தலாம். பன்னிரண்டிலேயே நின்றுபோனால் வேறு துறை பாருங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு கேள்விக்கும் முழுப் பதில். முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "தண்ணீர் சரியில்லை" என்று ஒரு வரியில் முடித்தால் படித்தவருக்குப் பயனில்லை. மீன் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை ஒரே நாளில் விட்டால் தாங்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் ஆன்டி-குளோரின் சொட்டு தேவை. முதல் மாதம் எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது. இவ்வளவும் அந்த ஒரே கட்டுரையில் இருக்க வேண்டும். உங்கள் தொட்டியில் நீங்களே எடுத்த நாலு படமும் வேண்டும். இப்படிப்பட்ட 30 கட்டுரை, அவசரத்தில் எழுதிய 300-ஐவிட அதிகம் சம்பாதிக்கும். சமையலும் கோலமும் பின்னால் வேறொரு முகவரியில் வரட்டும்.

பிளாக்கர் இலவசம், வேர்ட்பிரஸுக்குப் பணம் என்கிறார்கள். எதில் தொடங்குவது? மொத்தம் எவ்வளவு செலவாகும்?
– வாசகர், பெரம்பூர்

இரண்டுமே பிளாக் நடத்த உதவும் தளங்கள்தான். எழுத்துப் பழக்கம் இன்னும் பிடிபடவில்லை என்றால் கூகுளின் பிளாக்கர் போதும். ஆனால் இலவச முகவரியோடு நிற்காமல், முதல் நாளிலேயே சொந்த டொமைன் (உங்கள் பெயரில் பதிவாகும் இணைய முகவரி) வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும். கூகுள் தேடலில் சேர்த்த பெயரும் உங்களோடு வரும்.

டொமைனை பிளாக்கரோடு இணைக்கும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங்ஸில் கஸ்டம் டொமைன் என்ற இடத்தில், மூன்று டபிள்யூவையும் சேர்த்து உங்கள் முகவரியைக் கொடுங்கள். பிளாக்கர் ஒரு பிழைச் செய்தி காட்டி, அதிலேயே இரண்டு சி-நேம் பதிவுகளை (உங்கள் முகவரியை பிளாக்கரோடு இணைக்கும் குறிப்புகள்) தரும். ஒன்று எல்லோருக்கும் பொது, இன்னொன்று உங்களுக்கு மட்டுமானது. டொமைன் வாங்கிய இடத்தின் டி.என்.எஸ். (முகவரி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) பக்கத்தில் இரண்டையும் சேருங்கள். மூன்று டபிள்யூ இல்லாமல் அடிப்பவர்களும் வந்து சேர நாலு ஏ-ரெக்கார்டுகள் (அதே பக்கத்தில் சேர்க்கும் எண் முகவரிகள்) வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. டொமைன் விற்றவர் ஏற்கெனவே வைத்திருக்கும் "பார்க்கிங்" பதிவை (அவருடைய தற்காலிகப் பக்கத்துக்குப் போவது) அழிக்க மறந்தால், எல்லாம் சரியாகச் செய்தும் தளம் திறக்காது. மாற்றம் பரவச் சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள் ஆகும். அது முடிந்ததும் எச்.டி.டி.பி.எஸ். (பாதுகாப்பான இணைப்பு) பொத்தானைப் போட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸில் டொமைனுக்கு மேல் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) செலவும் உண்டு. விளம்பரத்தில் பார்க்கும் குறைந்த மாதக் கட்டணம் பெரும்பாலும் மூன்று நாலு ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுவோருக்கு. புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது சகஜம். வாங்கும் முன் "ரினியூவல்" விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் வேறு வேறு இடத்தில் வாங்குவது நல்லது. ஒன்றில் தகராறு வந்தால் மற்றது தப்பும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல வருடங்களாக வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்து வைத்த கட்டுரைகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பிளாக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வருகிறது. மறுபடி அடிக்க வேண்டுமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

வேண்டாம் ஐயா. அந்த எழுத்துருக்களில் "க" என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே வேறொரு எழுத்தாகத்தான் பதிவாகியிருக்கிறது. எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடி போடுகிறது. யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றியில் போட்டு எடுத்தால் போதும். எந்த எழுத்துருவிலிருந்து மாற்றுகிறீர்கள் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பாமினிக் கோப்பை வானவில் என்று கொடுத்தால் குப்பைதான் வரும்.

மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் "ர"வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும். அடித்தவர் மாற்றி அடித்திருப்பார். காகிதத்தில் தெரியாத பிழை, யூனிகோடில் "பாடல்" என்பதைப் "பரடல்" ஆக்கிவிடும். "ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தனித்தனியாக நிற்கும். "கொ" போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் காலும் இரு துண்டாக விழுந்திருக்கும். பார்க்கச் சரியாக இருந்தாலும் உங்கள் தளத்தின் தேடுபெட்டியில் அந்தச் சொல் சிக்காமல் போகலாம்.

இன்னொன்று, தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் பிளாக்கர் அதிலிருந்து முகவரி உருவாக்கத் தெரியாமல் "பிளாக்-போஸ்ட்" என்றே எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கும். வேர்ட்பிரஸில் வேறு சிக்கல். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தும், அதோடு வரும் புள்ளி, கால் போன்றவையும் தனித்தனி) 9 எழுத்தாக விரியும்; 200 எழுத்து வரம்பு என்பதால் ஏறக்குறைய 22 குறியோடு முகவரி பாதியில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் நீண்ட ரயில்தான் வரும். அதனால் வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் மூன்று நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையும்; ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பும் ஏற்பாடு) போட வேண்டிவரும்.

ஏழு மாதத்தில் 60 பதிவு போட்டுவிட்டேன். நண்பர்கள் தவிர யாரும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தால் ஒரு நாள் 200 பேர், மறுநாள் 4 பேர். எங்கே தப்பு?
– வாசகர், தாம்பரம்

வாட்ஸ்அப் கூட்டம் அப்படித்தான், வந்த வேகத்தில் கலையும். நிலையாக வருபவர் கூகுளில் தேடி வருபவர். அவர் வராததற்குக் காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) சமர்ப்பித்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

முதலில் "பேஜஸ்" பகுதி. 60-ல் எத்தனை இன்டெக்ஸ் ஆகியிருக்கின்றன (கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன)? "டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு" என்றால், பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. புதுத் தளத்தில் இது இயல்பு. உங்கள் மற்ற கட்டுரைகளிலிருந்து அதற்கு இணைப்பு கொடுங்கள். "கிரால்டு" என்று தொடங்கினால் கதை வேறு. கூகுள் வந்து படித்துவிட்டு, சேர்க்கத் தகுந்ததாக நினைக்கவில்லை. பெரும்பாலும் அந்தப் பதிவு மிகச் சிறியதாக இருக்கும், இல்லையென்றால் பத்துத் தளங்களில் இருப்பதையே திருப்பிச் சொல்லியிருக்கும். அப்படிப்பட்ட ஐந்து பதிவை ஒன்றாக்கி ஒரு நல்ல கட்டுரையாக எழுதுங்கள்.

அடுத்து "பெர்ஃபார்மன்ஸ்". இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட தடவை) ஆயிரம், கிளிக் மூன்று என்று இருந்தால் பக்கம் தேடலில் தெரிகிறது, தலைப்பு இழுக்கவில்லை, அல்லது நீங்கள் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறீர்கள். சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கும் கட்டுரைகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். கொஞ்சம் உழைத்தால் மேலே வருபவை அவைதான். இம்ப்ரெஷனே இல்லை என்றால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

"குவெரீஸ்" பட்டியலை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வாசகர் எந்தச் சொல்லை அடித்து வந்தார் என்பது அப்படியே அதில் இருக்கும். நீங்கள் "சொத்து வரி செலுத்தும் முறை" என்று எழுதியிருப்பீர்கள். அவர் "வீட்டு வரி ஆன்லைன்" என்று தேடியிருப்பார். பாதிப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அதற்காகக் கட்டுரையையே தங்கிலீஷில் எழுதாதீர்கள். முகவரியில் அந்தச் சொல் இருக்கட்டும். துணைத்தலைப்பு ஒன்றில் மக்கள் சொல்லும் வார்த்தை இருக்கட்டும்.

காலமும் முக்கியம். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மாடியில் நீர் கசிவதைப் பற்றிய கட்டுரையை நவம்பரில் போட்டால், கூகுள் அதை மேலே ஏற்றும்போது பொங்கல் முடிந்திருக்கும். ஆகஸ்ட்டிலேயே போட்டுவிடுங்கள். மார்கழிக் கச்சேரி, ஜனவரிப் புத்தகக் காட்சி, பொறியியல் கலந்தாய்வு எல்லாவற்றுக்கும் இதேபோல் இரண்டு மூன்று மாதம் முன்கூட்டி எழுத வேண்டும். பழைய கட்டுரையை அடுத்த ஆண்டு அதே முகவரியில் புதுப்பியுங்கள். புதிதாக ஒன்று போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

கடைசியாக வேகம். உங்கள் வாசகர் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போனில் படிக்கிறார். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 4 எம்.பி. படம் அவருக்குத் திறப்பதற்குள் ரயில் பல்லாவரம் தாண்டிவிடும். படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்-பி வடிவில் 100 கே.பி. அளவில் ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

ஆட்சென்ஸுக்கு (கூகுளின் விளம்பரத் திட்டம்) இரண்டு முறை விண்ணப்பித்தும் "லோ வேல்யூ கன்டென்ட்" (மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்) என்று நிராகரித்துவிட்டார்கள். தமிழ் என்பதாலா?
– வாசகி, அம்பத்தூர்

தமிழ் காரணமில்லை. 2018 முதல் ஆட்சென்ஸ் தமிழை ஏற்கிறது. இத்தனை பதிவு இருந்தால் அனுமதி என்று கூகுள் எந்த எண்ணும் சொன்னதில்லை. உங்கள் தளத்தைப் புதிதாக வருபவர் போலத் திறந்து பாருங்கள். மெனுவில் "டெக்னாலஜி", "ஸ்போர்ட்ஸ்" என்று டெம்ப்ளேட்டோடு வந்த வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா? நூறு சொல்லில் முடியும் பதிவுகள், செய்தித்தாளிலிருந்து எடுத்து ஒட்டியவை, யூடியூப் வீடியோ மட்டும் உள்ளவை? அவற்றை நீக்குங்கள் அல்லது விரித்து எழுதுங்கள். உங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை என்ற மூன்று பக்கமும் வேண்டும். தனியுரிமைப் பக்கத்தில் விளம்பரக் குக்கீ (வாசகரின் பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு பதிவு) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதையெல்லாம் முடிக்காமல் மறுநாளே மூன்றாவது முறை விண்ணப்பிக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் நாளுக்கு இருபது கட்டுரை எடுத்து நிரப்பும் யோசனையும் வேண்டாம். தேடலில் இடம்பிடிப்பதற்காகவே குவியல் குவியலாகத் தயாரிக்கும் பக்கங்களை 2024 மார்ச் முதல் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

குடும்பத்தில் ஆறு பேர் இருக்கிறோம். தினம் ஆளுக்கு ஒரு விளம்பரத்தை அழுத்தினால் தப்பா?
– வாசகர், வியாசர்பாடி

தப்பு. கணக்கே போய்விடும். ஒரே வைஃபையிலிருந்து, ஒரே போன்களிலிருந்து வரும் அழுத்தங்களைக் கண்டுபிடிப்பது கூகுளுக்குப் பெரிய வேலையில்லை. ஒருவருக்கு ஒரு கணக்குதான். முடக்கப்பட்டால் இன்னொன்று தொடங்க முடியாது, சேர்ந்த பணமும் வராது. வீட்டில் எல்லோரிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். "ஆதரவு தாருங்கள், விளம்பரத்தை அழுத்துங்கள்" என்று பக்கத்தில் எழுதுவதும் விதிமீறல்.

ஆட்சென்ஸில் 14 டாலர் சேர்ந்தது. "பின்" அனுப்பியதாகச் சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது, தபாலே வரவில்லை. பணம் எப்படி வரும்?
– வாசகர், அண்ணாநகர்

10 டாலர் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க 6 இலக்க எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். பதிவுத் தபால் அல்ல, சாதாரண உறை. வர 2 முதல் 4 வாரம் ஆகும். நம் ஊரில் இது தொலைவதற்கு முக்கியமான காரணம் வீட்டு எண். புது எண், பழைய எண் இரண்டையும் எழுதுங்கள். பிளாட் எண், மாடி, குறுக்குத் தெரு, பின்கோடு எல்லாம் இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் காவலாளியிடமும், முடிந்தால் தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். மூன்று முறை மறுபடி கேட்கலாம். அதற்கும் வராவிட்டால் அடையாள அட்டையைக் காட்டிச் சரிபார்க்கும் வழி கொடுப்பார்கள். முதல் பின் அனுப்பிய நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

பணம் 100 டாலர் சேர்ந்தால்தான் கிளம்பும், மாதத்தின் 21-லிருந்து 26-ம் தேதிக்குள். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆட்சென்ஸிலும் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் கோட் (வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கி அடையாளக் குறியீடு) எல்லாக் கிளைக்கும் இருக்காது. வெளிநாட்டுப் பணம் எந்தக் கிளையின் கோடு வழியாக வரும் என்று உங்கள் கிளையிலேயே கேளுங்கள். முதல் முறை வங்கியிலிருந்து "பர்பஸ் கோட்" (பணம் எதற்காக வருகிறது என்ற குறியீடு) கேட்பார்கள். விளம்பரச் சேவைக்கானது பி1007. அதற்கான பண வரவுச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வரிக் கணக்குக்கு உதவும்.

மாதம் எவ்வளவு வரும்? இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

விளம்பரத்தை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பக்கப் பார்வைக்கு 30 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக எடுத்த எண்தான். துறைக்குத் துறை மாறும், தமிழ்ப் பக்கங்களுக்கு ஆங்கிலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். மாதம் 20,000 பார்வை வந்தால் 600 ரூபாய். டாலர் 85 ரூபாய் என்றால் 100 டாலர் சேர 2.8 லட்சம் பார்வை வேண்டும்.

இப்போது அதே 20,000 பார்வையை வேறு மாதிரி பாருங்கள். அந்த வாசகர்களுக்கு வேண்டிய ஒன்றை, உதாரணமாக மாடித் தோட்டத்துக்கான மாதவாரி விதைப்பு அட்டவணையும் உர அளவும் கொண்ட 40 பக்கக் கையேட்டை, 150 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 40 பேர் வாங்கினாலே 6,000 ரூபாய். கட்டண வகுப்பு, ஆலோசனை, உள்ளூர்க் கடைகளின் நேரடி விளம்பரம் எல்லாம் இந்த வகை. பிளாக்கின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: உங்களை நம்பி வரும் வாசகர். அதனால் முதல் மாதத்திலிருந்தே மின்னஞ்சல் பட்டியல் ஒன்று சேர்த்து வாருங்கள், சம்மதம் கேட்டுத்தான். கூகுள் ஒருநாள் உங்களைக் கீழே தள்ளினாலும் அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கும்.

அஃபிலியேட் இணைப்புகளும் (அவற்றின் வழியே வாசகர் பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன்) உண்டு. அமேசான் இந்தியாவில் சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் வாசகர் வரத் தொடங்கிய பிறகு சேருங்கள். இணைப்பை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கமிஷன். உங்கள் இணைப்பில் நீங்களே வாங்குவது செல்லாது.

வேலையைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று வழிகளில் வரும் வருமானம் தொடர்ந்து ஓராண்டு உங்கள் வீட்டுச் செலவைத் தாங்கினால் அப்போது யோசியுங்கள். ஒரு நல்ல மாதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பிளாக் வருமானத்துக்கு வரி உண்டா?
– வாசகி, மடிப்பாக்கம்

உண்டு. அது தொழில் வருமானம். சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்-1 படிவத்தில் காட்ட முடியாது, 3 அல்லது 4-ம் படிவம் வேண்டும். டொமைன், ஹோஸ்டிங், இன்டர்நெட்டில் தொழிலுக்கான பங்கு ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. உங்கள் சூழலுக்கு எந்தப் படிவம் என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு கடையில் மிக்ஸி ஒன்றை இலவசமாகத் தந்து "நன்றாக எழுதுங்கள்" என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

வாங்கலாம். ஆனால் "நன்றாக" என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள். கட்டுரையின் தொடக்கத்திலேயே, தமிழிலேயே, "இந்தப் பொருள் கடையிலிருந்து இலவசமாகத் தரப்பட்டது" என்று எழுதுங்கள். கடைசி வரியில் ஒளித்து வைப்பது போதாது. பயன்படுத்திப் பார்க்காததைப் புகழாதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடைக்குப் போகும் இணைப்பில் "ஸ்பான்சர்டு" என்ற குறியைச் சேருங்கள். இல்லாவிட்டால் விலைக்கு விற்ற இணைப்பாகக் கருதி கூகுள் உங்கள் தளத்தைத் தண்டிக்கலாம். ஒரே கடையிடமிருந்து ஓர் ஆண்டில் பெறும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) விஷயமும் வரும். அதனால் பொருளைக் கையில் வாங்கும் முன் பில் மதிப்பைக் கேட்டு வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள்.